முன்பே உள்ள நோய்: கெடா முதியவர்களின் பயணமும் காப்புறுதியும்

அலோர் ஸ்டாரிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் ஏறினால் ஐம்பது கிலோமீட்டருக்குள் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை வந்துவிடும். எல்லைக்குச் சற்று முன்னால் சங்லூன் என்ற சிற்றூர். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், வெள்ளிக்கிழமை காலையில் சங்லூன் கடைகளில் தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குப் போகிறவர்களின் கூட்டம் நிற்கும். காரின் பதிவுச் சான்றான கிராண்டின் நகலையும் கடப்பிதழையும் நீட்டினால், தாய்லாந்துச் சட்டம் கேட்கும் கட்டாய வாகனக் காப்புறுதியைக் கடைக்காரர் சில நிமிடங்களில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார். அந்தத் தாள் இல்லாமல் மலேசியக் கார் தாய்லாந்துச் சாலையில் ஓட முடியாது. விபத்தானால் அடிபட்டவர்களின் சிகிச்சைக்கு அது ஓரளவு பொறுப்பேற்கும்.

அதே காரின் பின்னிருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் உட்கார்ந்திருப்பார். மடியில் மாத்திரைப் பை. இனிப்பு நீர் பதினைந்து இருபது வருடமாக இருக்கும். ரத்தக் கொதிப்புக்குத் தனி மாத்திரை. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவராகவும் இருக்கலாம். ஹாட்யாய் ஓட்டலில் நள்ளிரவில் அவருக்கு நெஞ்சு அடைத்தால் காரின் தாளில் அதற்கு ஒரு வரியும் கிடையாது. அவருக்கென்று தனியாகக் காப்புறுதி எடுக்கும் எண்ணம் குடும்பத்தில் யாருக்கும் வந்திருக்காது. வந்து எடுத்திருந்தாலும், அந்த நெஞ்சு வலிக்கு அது பணம் கொடுக்குமா என்பது வேறு கேள்வி. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. முதியவர்களுக்கு விற்கப்படும் பயணக் காப்புறுதியில் பெரும்பாலானவை, அவர்களுக்கு எது வரக்கூடுமோ அதைத்தான் முதலில் கழித்துவிடுகின்றன. இந்த ஏற்பாடு மாற்றக்கூடியது, வேறு நாடுகளில் மாறியும் இருக்கிறது.

கெடா தமிழர்களில் யார் பயணம் போகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். அலோர் ஸ்டாரைச் சுற்றி வயல்வெளி. இங்கே தமிழர்கள் பெரும்பாலும் ரயில்வே, பொதுப்பணி, நகராட்சி வேலைகளுக்கும் கடைத்தொழிலுக்கும் வந்தவர்களின் வழியினர். ரப்பர் தோட்டங்கள் தெற்கே இருந்தன, பீடோங், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, லயங்களில் பிறந்த தலைமுறை தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடியேறியது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. பிள்ளைகள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சம்பாதிக்கிறார்கள். பெற்றோரைப் பழனிக்கும் இராமேஸ்வரத்துக்கும் காசிக்கும் அனுப்பிவைப்பது அந்தப் பிள்ளைகள் செலுத்த நினைக்கும் கடன். 2024 டிசம்பர் முதல் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் வந்தது. கோலாலம்பூர் வரை போய் மாறி ஏற முடியாதவர்களுக்கு அது பெரிய வசதியாயிற்று. 1973 வரை ‘ரஜூலா’ கப்பலிலும், பிறகு 1985-இல் தீப்பிடிக்கும்வரை ‘சிதம்பரம்’ கப்பலிலும் நாள்கணக்கில் கடலில் கிடந்து போன ஊருக்கு, இன்று நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்கிறார்கள். அன்று உடம்புக்கு முடியாதவர்கள் கப்பல் ஏறவே யோசித்தார்கள். இன்று அந்தத் தயக்கம் போய்விட்டது. சக்கர நாற்காலியில் வந்து விமானம் ஏறுகிறவர்களைப் பினாங்கு விமான நிலையத்தில் எந்த நாளும் பார்க்கலாம்.

அவர்கள் எந்த உடம்போடு ஏறுகிறார்கள்? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களைத் தனியாகப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இறங்கியது. இந்தியர்களின் அளவு அப்போதும் மற்ற இனத்தாரைவிட மேலேயே நின்றது. இது எல்லா வயதுப் பெரியவர்களையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. எழுபது வயதில் நோயே இல்லாத ஒருவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க அரசாங்க மருத்துவத்தில் இருந்தவர்கள். கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி என்ற கட்டணத்தில் பழகியவர்கள். முதியவர்களுக்கு அதிலும் சலுகை உண்டு. அலோர் ஸ்டாரின் சுல்தானா பாஹியா மருத்துவமனையிலும் சுங்கைப் பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையிலும் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள். மருத்துவத்துக்கு முன்பணம் கட்டுவது என்ற அனுபவமே அவர்களுக்கு இல்லை. வெளிநாட்டில் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில், படுக்கை கொடுப்பதற்கு முன்னால் வைப்புத்தொகை கேட்கப்படும்போதுதான் இத்தனை நாள் தம்மைத் தாங்கிய கூரை எல்லைக்கு அந்தப் பக்கம் இல்லை என்று தெரியவருகிறது.

இனி, காப்புறுதித் தாளில் முதியவர்களின் நோயைக் கழிக்கும் அந்த வரிக்கு வருவோம். மலேசியாவில் மருத்துவ, சுகாதாரக் காப்புறுதிக்கு மத்திய வங்கியான பேங்க் நெகாரா வகுத்த நெறிமுறையில் ‘முன்பே உள்ள நோய்’ எது என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. பயணக் காப்புறுதிகள் பெரும்பாலும் அதையோ அதை ஒட்டிய வாசகத்தையோ எடுத்துக்கொள்கின்றன. காப்புறுதி எடுப்பவருக்கு நியாயமாகத் தெரிந்திருக்கக்கூடிய உடல்நலக் குறை எதுவும் அதில் அடங்கும். தெரிந்திருந்ததாக எப்போது கொள்ளப்படும்? அதற்காக அவர் சிகிச்சை பெற்றிருந்தாலோ பெற்றுக்கொண்டிருந்தாலோ. மருத்துவர் ஆலோசனை சொல்லியோ, நோயைக் கண்டுபிடித்தோ, சிகிச்சையைப் பரிந்துரைத்தோ இருந்தால். தெளிவான அறிகுறிகள் இருந்தால், அல்லது முன்பு இருந்திருந்தால். கடைசியாக, அந்த நிலையில் இருக்கும் சாதாரண மனிதருக்கு அது புலப்பட்டிருக்கும் என்றால்.

இந்த நான்கில் முதல் இரண்டும் எவருக்கும் புரியும். மாத்திரை சாப்பிடுகிறவர் தமக்கு நோய் இல்லை என்று சொல்ல முடியாது. மூன்றாவதும் நான்காவதும் வலையை வெகுதூரம் விரிக்கின்றன. மாடிப்படி ஏறும்போது சில மாதமாக மூச்சு வாங்குகிறது. வயசாச்சு என்று பாட்டி விட்டுவிட்டார். மருத்துவரிடம் போகவில்லை, பரிசோதனையும் இல்லை. பழனி மலைப்படியில் அவருக்கு மாரடைப்பு வந்தால், அந்த மூச்சு வாங்கல் அறிகுறியாக எண்ணப்படலாம். குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் பெக்கா பி40 இலவசப் பரிசோதனைக்குப் போய், சர்க்கரை ஏறியிருக்கிறது, மறுபடி வந்து பாருங்கள் என்ற சொல்லோடு திரும்பி வந்தவருக்கும் இதே நிலைதான். மறுபடி போகவில்லை என்பதால் நோய் தெரியாது என்று ஆகிவிடாது.

அதற்குப் பிறகு வருவது விலக்குப் பகுதி. முன்பே உள்ள நோயால் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ எழும் எதற்கும் பணம் இல்லை என்பது வழக்கமான வாசகம். இந்த ‘மறைமுகமாகவோ’ என்ற சொல்தான் நீரிழிவுக்காரருக்கு மிகக் கடுமையானது. கோயில் பிரகாரத்துச் சுடுகல்லில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் கண்டு, புண்ணாகி, விரலை எடுக்க வேண்டிவந்தால் அது விபத்தா, நீரிழிவா? மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் நீரிழிவு வாசல் என்று எல்லா மருத்துவப் பாடநூலும் சொல்கிறது. அப்படியானால் இருபது வருட நீரிழிவுக்காரரின் உடம்பில் பெரிதாக எது நடந்தாலும் அந்தச் சொல்லின் கீழ் கொண்டுவந்துவிடலாம். மீதி இருப்பது பெட்டி தொலைவதும் விமானம் தாமதமாவதும் வழுக்கி விழுந்து எலும்பு முறிவதும். இவற்றுக்குக் காப்பு இருப்பது நல்லதுதான். ஆனால் வெளிநாட்டுப் பயணத்தில் இறந்துபோகும் முதியவர்களின் மரணக் காரணங்களில் இருதய நோயே முதலிடத்தில் நிற்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கும்போது, அதை விட்டுவிட்டுப் பெட்டியைக் காக்கும் தாளை வாங்கித் தருவதில் என்ன பொருள்?

கிளைம் எங்கே முடிவாகிறது என்பதையும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் எந்த மருத்துவமனையிலிருந்து வெளிவந்தாலும் ஒரு டிஸ்சார்ஜ் சுருக்கம் தருவார்கள். அதன் தொடக்கத்திலேயே, இவர் இத்தனை ஆண்டாக நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவர், மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் என்று ஒரு வரி இருக்கும். அவசரப் பிரிவில் பதற்றத்தோடு நிற்கும் மகன், மருத்துவர் கேட்டதற்கு உண்மையைச் சொல்லியிருப்பான். சொல்லத்தான் வேண்டும், சொல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த ஒரு வரி பின்னால் காப்புறுதி நிறுவனத்தின் மேசைக்குப் போகிறது. கீழே எழுதப்பட்ட ஆறு பக்கச் சிகிச்சை விவரத்தைவிட மேலே உள்ள அந்த வரிதான் முதலில் கண்ணில் படுகிறது.

நம் மக்களிடையே ஓர் அறிவுரை புழங்குகிறது. “இனிப்பு நீர்னு சொல்லாதீங்கம்மா, சொன்னா இன்சூரன்ஸ் குடுக்க மாட்டாங்க” என்று பயண ஏற்பாட்டாளர்கள் சிலரே பாட்டிமாரிடம் சொல்வதுண்டு. இது நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும் தவறான அறிவுரை. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி, தனிமனிதர் தம் சொந்தத் தேவைக்குக் காப்புறுதி எடுக்கும்போது, நிறுவனம் கேட்கும் குறிப்பான கேள்விகளுக்குத் தவறான தகவல் தராமல் நியாயமான கவனத்தோடு பதில் சொல்வது அவர் கடமை. நிறுவனத்தின் முடிவுக்கு முக்கியம் என்று தமக்குத் தெரிந்த வேறு செய்தி இருந்தாலும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே பொய் சொல்லியிருந்தால் ஒப்பந்தம் முழுவதையும் ரத்து செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பெட்டி தொலைந்ததற்குக்கூட எதுவும் கிடைக்காது. கவனக்குறைவாகத் தவறிப்போயிருந்தால் கதை வேறு. உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்று பார்க்கப்படும். கூடுதல் சந்தா வாங்கியிருக்கும் என்றால், கட்டிய சந்தாவின் விகிதத்துக்கு ஏற்பக் கிளைம் தொகை குறையும், மறுக்கப்படாது. இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் அந்த அறிவுரையின் உண்மையான கோளாறு இன்னும் ஆழத்தில் இருக்கிறது. மலேசியாவில் கைப்பேசியிலும் விமானச் சீட்டோடும் விற்கப்படும் பயணக் காப்புறுதிகளில் பலவற்றில் நோயைப் பற்றிக் கேள்வியே கிடையாது. பெயர், கடப்பிதழ் எண், பிறந்த தேதி, போகும் நாடு, பணம். அவ்வளவுதான். ஒன்றும் கேட்காமல் கொடுக்கிறார்களே, நல்லதுதானே என்று தோன்றும். கேட்காததற்குக் காரணம் அவர்களுக்குப் பதில் தேவையில்லை என்பதே. பதில் எதுவாக இருந்தாலும் விலக்கு ஏற்கெனவே வாசகத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது. மறைத்தவருக்கும் இல்லை, சொன்னவருக்கும் இல்லை. பாட்டி தம் நோயைச் சொல்லலாமா கூடாதா என்று குடும்பம் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போது, முடிவு அவர்களைக் கேட்காமலே எடுக்கப்பட்டுவிட்டது.

நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதற்கு நியாயமான விடை உண்டு. பத்து நாள் பயணத்துக்கு வாங்கும் சந்தா சில பத்து வெள்ளிதான். அதற்காக ஒவ்வொருவருடைய மருத்துவக் குறிப்பையும் வாங்கி, படித்து, விலை போட்டால் அந்த வேலையின் செலவே சந்தாவைத் தின்றுவிடும். எதையும் கழிக்காமல் எல்லோருக்கும் ஒரே விலையில் கொடுத்தால், உடம்பு மோசமானவர்களே தேடி வந்து வாங்குவார்கள். நல்ல உடம்புக்காரர்கள் விலையைப் பார்த்து விலகுவார்கள். ஆகவே மொத்தமாக ஒரு கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம் உள்ள நோய்களையெல்லாம் தள்ளிவிடுவது எளிது. வயதிலும் இதையே செய்கிறார்கள். பெரும்பாலான திட்டங்களில் எழுபதைத் தாண்டினால் மருத்துவச் செலவு வரம்பு வெகுவாக இறங்கிவிடும். எண்பது, எண்பத்தைந்துக்கு மேல் பல கதவுகள் மூடிவிடும்.

விடை நியாயமானது என்பதால் அது ஒன்றே வழி என்று ஆகிவிடாது. பிரிட்டனில் வேறு முறை வேரூன்றியிருக்கிறது. அங்கே பயணக் காப்புறுதி வாங்கும்போது நோய்களைப் பற்றி வரிசையாகக் கேட்பார்கள். என்ன நோய், எத்தனை மாத்திரை, கடைசியாக மருத்துவமனையில் படுத்தது எப்போது, மருத்துவர் பயணத்துக்குச் சரி என்றாரா. கணினி அந்தப் பதில்களுக்கு விலை போடுகிறது. கூடுதல் சந்தா கட்டினால் அந்த நோய்க்கும் காப்பு உண்டு. 2021 ஏப்ரல் 21 முதல் அங்குள்ள நிதி நடத்தை ஆணையம் இன்னும் ஒரு படி போயிற்று. நோயைக் காரணம் காட்டி ஒருவரை மறுத்தாலோ, அந்த நோயை விலக்கினாலோ, விலையைக் கணிசமாகக் கூட்டினாலோ, நோயுள்ளவர்களுக்குக் காப்பு தரும் நிறுவனங்களின் பட்டியல் எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். கதவை மூடுகிறவரே அடுத்த கதவைக் காட்ட வேண்டும் என்பது சட்டமாயிற்று.

நமக்கு மிக அருகில் சிங்கப்பூர். அங்கே இன்கம் நிறுவனம் ‘பிரெக்ஸ்’ என்ற பெயரிலும் எம்எஸ்ஐஜி ‘பிரி-எக்ஸ்’ என்ற பெயரிலும், முன்பே உள்ள நோய்க்கும் காப்பு தரும் பயணத் திட்டங்களை விற்கின்றன. விலை கூடுதல், அந்த நோய்க்கான வரம்பு தனி. ஆனால் பத்து மாத்திரை சாப்பிடும் தாத்தாவும் காசு கொடுத்தால் வாங்கக்கூடிய பொருளாக அது கடையில் இருக்கிறது. ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் அது ஏன் அரிதாக இருக்கிறது என்ற கேள்வியை நம் நிறுவனங்களிடம் யாரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

கனடாவின் முறையில் நாம் கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் தெற்கே போகும் முதியவர்களுக்கு அங்கே விற்கும் திட்டங்களில், நோய் ‘நிலையாக’ இருந்தால் காப்பு உண்டு. பயணத்துக்கு முந்தைய 90 நாளோ 180 நாளோ மருந்தில் மாற்றம் இருக்கக் கூடாது. மாற்றம் என்றால் கூட்டுவது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. உடம்பு தேறியதால் மருத்துவர் மாத்திரையைக் குறைத்திருந்தாலும் பல திட்டங்களில் அது மாற்றம்தான், நோய் நிலையற்றது என்றாகிவிடும். சிட்னிக்கோ டொரோண்டோவுக்கோ பிள்ளைகள் அழைத்து, அந்த நாட்டுத் திட்டத்தில் சேர்க்கப்படும் நம் பெற்றோருக்கு இப்படிப்பட்ட நிபந்தனைகளை யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

வயதும் நோயும் கொண்ட தமிழரை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு யாருடையது என்ற கேள்வி மலாயாவில் புதிதல்ல. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள் எல்லோரும் அதற்கு வரி கட்ட வேண்டும். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்கள் வழியாக ஆள் வரவழைக்கும் செலவும் கப்பல் கட்டணமும் அதிலிருந்து போயின. வேலை செய்ய முடியாமல் முதுமையும் நோயும் கண்டவர்களைத் திருப்பி அனுப்பும் செலவும் அதே நிதியில்தான் விழுந்தது. 1923-இன் இந்தியக் குடியேற்ற விதிகள், வந்து ஓராண்டுக்குள் உடல்நலம் கெட்டவர் தம் செலவில்லாமல் ஊர் திரும்பலாம் என்ற உரிமையைக் கொடுத்தன. இதைக் கருணை என்று யாரும் எழுதக் கூடாது. உழைப்பு தீர்ந்த உடம்பைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ள விரும்பாதவர்களின் கணக்கு அது. 1930-களின் மந்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றி அனுப்பியதும் அதே கணக்குதான். நான் இங்கே எடுத்துக்காட்ட விரும்புவது அதன் அமைப்பை மட்டும். நோயுற்ற முதியவரைக் கடல் தாண்டிக் கொண்டுபோகும் செலவு ஒருவர் தலையில் மொத்தமாக விழாமல், பலரிடம் சிறிது சிறிதாக வாங்கிப் பகிரப்பட்டது. அந்த நிதி 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி, 1999-இல் கலைக்கப்பட்டது. இப்போது பாட்டி தம் சேமநிதிப் பணத்திலும் பிள்ளைகளின் சம்பளத்திலும் போகிறார். திரும்பும் செலவு முழுவதும் அவர்கள் தலையில்.

அந்தச் செலவு எப்படிப்பட்டது? நோயாளியைப் படுத்த நிலையில் சாதாரணப் பயணிகள் விமானத்தில் கொண்டுவர, ஆறு முதல் ஒன்பது இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் பொருத்த வேண்டும். அத்தனை சீட்டுக்கும் பணம். கூடவே ஒரு மருத்துவரோ தாதியோ வர வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தில் ஒப்புதல் வேண்டும். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். புதிதாக மாரடைப்பு வந்தவரைச் சிக்கல் இல்லாவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாளாவது காத்திருக்கச் சொல்வார்கள். அந்த நாள்களுக்கு ஓட்டல் வாடகை, உடனிருப்பவரின் விமானச் சீட்டை மாற்றும் செலவு. நல்ல காப்புறுதியின் உண்மையான மதிப்பு இங்கேதான், இருபத்து நான்கு மணி நேர உதவி எண்ணின் மறுமுனையில் இதையெல்லாம் ஏற்பாடு செய்யும் ஆள் இருப்பதில். அந்த எண்ணை மருத்துவமனையில் சேர்க்கும்போதே கூப்பிட வேண்டும். பல திட்டங்களில் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் எடுக்கும் பெரிய முடிவுகளுக்குப் பணம் வராது.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ் யாருக்கும் இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அம்மாநிலச் சாலையில் விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், எந்த நாட்டவர் என்று பாராமல், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை. திருச்சியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் வேன் கவிழ்ந்தால் கெடா பாட்டிக்கும் அது உண்டு. ஆனால் அது விபத்துக்கு மட்டும். நெஞ்சு வலிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மதுரையிலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்ந்த இருதயப் பிரிவுகள் உண்டு. பிள்ளைகள் பதறிப்போய் முதலில் கண்ணில் படும் பெரிய தனியார் கட்டடத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

ஹாட்யாய் பக்கம் வேறு வகையான பாடம். 2025 நவம்பரில் அந்த நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது ஆயிரக்கணக்கான மலேசியர்கள் ஓட்டல்களில் சிக்கினார்கள். மின்சாரமும் இல்லாமல், மாடியிலிருந்து இறங்கவும் முடியாமல் இருந்தார்கள். இரண்டு நாள் பயணத்துக்கு இரண்டு நாள் மாத்திரைதானே எடுத்துப்போவோம்? இன்சுலின் போடுகிறவருக்குக் குளிர்பெட்டியும் போய், சாப்பாட்டு நேரமும் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். பக்கத்து ஊர் என்பதால் அதைப் பயணமாகவே நாம் எண்ணுவதில்லை. கெடாக்காரர்களுக்கு ஹாட்யாய் கோலாலம்பூரைவிடக் கிட்டே. ஆனால் நெஞ்சு வலியோடு அங்கே படுத்துக்கிடப்பவருக்கு அது முழுக்க முழுக்க வெளிநாடு.

இருக்கிற நிலையில் குடும்பங்கள் என்ன செய்யலாம்? முதலில், கையில் ஏற்கெனவே மருத்துவ அட்டை இருந்தால் அதை எடுத்துப் படிக்க வேண்டும். மலேசிய மருத்துவக் காப்புறுதிகள் பலவற்றில், 90 நாளுக்கு உட்பட்ட பயணத்தின்போது வெளிநாட்டில் வரும் அவசரச் சிகிச்சைக்கும் இடம் உண்டு. அந்த அட்டை எடுத்தபோது நோயைச் சொல்லி நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்தால், அல்லது அட்டை எடுத்து வெகுகாலத்துக்குப் பிறகே நோய் வந்திருந்தால், பயணக் காப்புறுதி கழித்துவிடும் அதே நோய்க்கு இதில் காப்பு இருக்கக்கூடும். சந்தா ஏறிக்கொண்டே போவதால் அறுபதைத் தாண்டியவர்கள் அட்டையை விட்டுவிட நினைக்கிற காலம் இது. விடும் முன் இந்த ஒரு பக்கத்தைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது காகிதங்கள். அரசாங்க கிளினிக்கில் மாத்திரைகளைச் சிறு பிளாஸ்டிக் பைகளில் போட்டு, மேலே மலாயில் அச்சிட்ட லேபிள் ஒட்டித் தருவார்கள். எத்தனை, எத்தனை வேளை என்பது மலாயில் இருக்கும். மருந்தின் பொதுப்பெயர் மட்டும் பெரும்பாலும் உலகெங்கும் ஒன்று. பைகளைப் பிரித்து எல்லா மாத்திரையையும் ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு போவது நம் வீடுகளில் வழக்கம். மதுரையில் ஒரு மருத்துவர் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தால் வெள்ளை வட்டங்கள்தான் தெரியும். பைகளோடு கொண்டுபோனால் மெட்ஃபார்மின், அம்லோடிபின், குளோபிடோகிரெல் என்று அவர் படித்துவிடுவார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. போவதற்கு முன் கிளினிக்கில் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கக் கடிதம் கேட்டு வாங்கலாம். என்ன நோய், என்ன மருந்து, இப்போது நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, பயணம் செய்யலாமா. பின்னால் கிளைம் தகராறானால், கடைசி வரிகள் இரண்டும் பேசும். மாதத்துக்கு ஒருமுறை மருந்து வாங்குகிறவர்கள், பயணத்தைச் சொல்லிக் கூடுதல் நாளுக்கு முன்கூட்டியே கேட்க வேண்டும். இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறையில் உறைந்து போனால் வேலை செய்யாது. இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஊசியின் நேரத்தை எப்படி நகர்த்துவது என்பதையும் அந்தக் கடிதம் வாங்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

கிளைம் மறுக்கப்பட்டால் அதோடு விட்டுவிடுகிறவர்களே அதிகம். விலக்கைக் காட்டி மறுக்கும் நிறுவனம், நடந்தது அந்த விலக்குக்குள் வருகிறது என்று நிறுவ வேண்டும் என்பது காப்புறுதிச் சட்டத்தின் பழைய கொள்கை. வாசகம் இரு பொருள் தந்தால் அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ளப்படும் என்பதும் அப்படியே. கால் புண் நீரிழிவால் வந்ததா, சுடுகல்லால் வந்ததா என்பதில் வாதாட இடம் இருக்கிறது. மூச்சு வாங்கியது இருதயத்தின் அறிகுறிதான் என்று ஒரு தோட்டத் தொழிலாளிக்குப் புலப்பட்டிருக்குமா என்பதிலும் இருக்கிறது. நிறுவனத்தின் இறுதி முடிவு கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தை குறைதீர்ப்பாளர் சேவையிடம் முறையிடலாம். இரண்டரை லட்சம் வெள்ளி வரையிலான தகராறுகளை அது பார்க்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். ஒரு கடிதமும் காகித நகல்களும் போதும்.

குடும்பங்கள் செய்யக்கூடியது இவ்வளவே. மீதி பேங்க் நெகாராவும் நிறுவனங்களும் செய்ய வேண்டியது. ஒவ்வொரு காப்புறுதிக்கும் விளக்கத் தாள் ஒன்று தரப்பட வேண்டும் என்ற விதி இப்போதே இருக்கிறது. 60 வயதைத் தாண்டிய பிறந்த தேதியைத் திரையில் தட்டியவுடன், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே, இந்தத் திட்டம் உங்களுக்கு இருக்கும் நோய்க்குப் பணம் தராது என்ற வரி பெரிய எழுத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் சீனத்திலும் வர வேண்டும். அதற்குக் கீழே, நோய்க்கும் காப்பு தரும் திட்டங்கள் எங்கே கிடைக்கும் என்ற வழிகாட்டல், பிரிட்டனில் இருப்பதுபோல. சிங்கப்பூரில் இதே வகைத் திட்டங்களை விற்கும் குழுமங்கள் சில மலேசியாவிலும் கடை வைத்திருக்கின்றன. வயதும் மருந்துப் பட்டியலும் கேட்டு நியாயமான விலை போடும் ஒரு திட்டத்தை அவை இங்கே கொண்டுவர, சங்லூன் கடைக்காரர் காரின் தாளோடு பாட்டியின் தாளையும் சேர்த்து அச்சடித்துக் கொடுக்கும் அளவுக்கு அதை எளிதாக்க, தேவையான கருவிகள் எல்லாம் ஏற்கெனவே கையில் உள்ளன. தமிழ்ப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஆண்டுதோறும் யாத்திரைக் குழுக்களை அனுப்புகின்றன. அடுத்த குழுவுக்குப் பணம் வசூலிக்கும் முன், அவை ஒன்றுசேர்ந்து காப்புறுதி நிறுவனங்களிடம் எழுத்தில் விலை கேட்கலாம். தனி ஆள் கேட்டால் கிடைக்காத திட்டம், நாற்பது பேர் சேர்ந்து கேட்டால் குழுக் காப்புறுதியாகக் கிடைக்க வழி உண்டு.